'சயின்ஸ்' என்கிறோமே, அது என்ன?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டிய அன்றே, சீனியர் அண்ணன்கள் ராக்கெட்டையும் ரோபோவையும் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல். ஆனால் அந்த ராக்கெட்டும் ரோபோவும் இந்தச் சொல்லுக்கு உள்ளேதான் இருப்பதாகச் சொல்கிறார்கள். 'சயின்ஸ்' என்பதுதான் அந்தச் சொல்.

ஒரு வாரம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். "பிளஸ் டூவில என்ன குரூப்?" "சயின்ஸ் குரூப்." இங்கே சயின்ஸ் என்றால் நாலு பாடப் புத்தகம், ஒரு மார்க் ஷீட். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர், "சயின்ஸ் எங்கேயோ போயிடுச்சு தம்பி! உட்கார்ந்த இடத்துல இருந்தே பணம் அனுப்புறான்" என்கிறார். இங்கே சயின்ஸ் என்றால் மெஷின். ஹாஸ்டலில் ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்க்கும் நண்பனை, "வந்துட்டாருடா பெரிய விஞ்ஞானி!" என்கிறோம். இங்கே அது கிண்டல். கடைக்குப் போனால் பற்பசையிலிருந்து முடி வளரும் தைலம் வரை எல்லாமே 'அறிவியல் பூர்வமாக நிரூபிக்கப்பட்டவை'. இங்கே சயின்ஸ் என்றால் முத்திரை. ஆட்டுத் தொடையில் நீல மசியில் குத்துவார்களே, அதுபோல. வீடு கட்டும்போது வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்று வாக்குவாதம் வந்தால், "வாஸ்துவும் ஒரு சயின்ஸ்தானப்பா" என்று ஒரு குரல் நிச்சயம் வரும். இங்கே என்ன பொருள்? 'கேள்வி கேட்காதே' என்பதுதான் பொருள்!

ஒரே கரண்டியால் சாம்பாரையும் பாயசத்தையும் ஊற்றுவது மாதிரி இருக்கிறது இல்லையா? கரண்டியைக் கொஞ்சம் கழுவிப் பார்ப்போம்.

'சயின்ஸ்' ஆங்கிலத்திற்கு லத்தீன் மொழியிலிருந்து வந்தது. லத்தீனில் அதற்கு 'அறிவு' என்று மட்டுமே பொருள். அந்தக் காலத்தில் இலக்கணமும் தர்க்கமும்கூட சயின்ஸ்தான். இன்று நாம் இயற்பியல் என்று சொல்வதை அவர்கள் 'இயற்கைத் தத்துவம்' என்றார்கள். நியூட்டன் 1687இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் தலைப்பிலும் 'இயற்கைத் தத்துவம்' என்றுதான் இருக்கிறது. தெர்மல் கணக்கில் டிகிரியோடு 273 கூட்டிக் கெல்வின் ஆக்குகிறோமே, அந்த கெல்வின் பிரபு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வகித்த பதவிக்கும் 'இயற்கைத் தத்துவப் பேராசிரியர்' என்றே பெயர். அவர் ஓய்வு பெற்றது 1899இல். அதுவரைக்கும் பழைய பெயர் உயிரோடு இருந்திருக்கிறது.

'சயின்டிஸ்ட்' என்ற சொல்லோ அதைவிடச் சின்னப் பையன். 1833இல் கேம்பிரிட்ஜில் கூடிய ஒரு சபையில், ஆராய்ச்சி செய்கிறவர்களைத் 'தத்துவஞானிகள்' என்று அழைப்பது சரியல்ல என்று கவிஞர் கோல்ரிட்ஜ் ஆட்சேபம் தெரிவித்தார். அங்கிருந்த வில்லியம் ஹியூவெல், 'ஆர்ட்டிஸ்ட்' என்பதுபோல 'சயின்டிஸ்ட்' என்று வைத்துக்கொள்ளலாமே என்றார். அடுத்த வருடம் அச்சிலும் வந்தது. பலருக்கு அது பிடிக்கவில்லையாம். எலக்ட்ரிக்கல் பிரிவு நண்பர்களுக்கு ஒரு உபரிச் செய்தி: ஆனோடு, கேத்தோடு என்ற சொற்களை 1834இல் மைக்கேல் ஃபாரடேக்கு யோசித்துக் கொடுத்தவரும் இதே ஹியூவெல்தான். மனிதருக்குப் பெயர் வைப்பதில் அப்படி ஒரு கைராசி.

தமிழுக்கு வருவோம். நம் தாத்தா காலத்தில் எல்லாமே சாஸ்திரம். வான சாஸ்திரம், ரசாயன சாஸ்திரம், பௌதிக சாஸ்திரம். மனையடி சாஸ்திரமும் சாஸ்திரம்தான், கைரேகை சாஸ்திரமும் சாஸ்திரம்தான். வாஸ்துக்காரர் சுலபமாக உள்ளே நுழைந்ததற்கு இந்தப் பழைய பந்தமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெரியவர்கள் சொன்னது, எழுதி வைத்தது, அதை மாற்றக்கூடாது என்ற வாசனை அந்தச் சொல்லில் இருக்கிறது. போகப் போக அந்த மரியாதையும் தேய்ந்து, "பசிக்கலேன்னாலும் சாஸ்திரத்துக்கு ஒரு வாய் சாப்பிட்டுப் போ" என்ற இடத்திற்கு வந்து நிற்கிறது!

பிறகு விஞ்ஞானம். ஞானத்திற்கு முன்னால் 'வி' சேர்ந்த வடசொல். பகுத்து அறியும் ஞானம் என்று கொள்ளலாம். இலங்கைத் தமிழ்ப் பள்ளிகளில் இன்றைக்கும் பாடத்தின் பெயர் விஞ்ஞானம்தான். நம் பாட நூல்களில் அறிவியல் என்று ஆகிவிட்டது. ஆனாலும் விஞ்ஞானி என்ற சொல் நம் வாயை விட்டுப் போகவில்லை. 'அறிவியலாளர்' என்று எழுதுவோம். பேசும்போது அப்துல் கலாமை விஞ்ஞானி என்றுதான் சொல்வோம்.

இந்தச் சொற்களைத் தேடி நம்மவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1875இல் வந்த அவருடைய வேதியியல் நூலின் பெயர் 'கெமிஸ்தம்'! கேட்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் 'பேரிங்', 'ஷாஃப்ட்' இரண்டுக்கும் தமிழில் என்ன என்று வைவாவில் கேட்டால் நம்மில் எத்தனை பேர் வாய் திறப்போம்? ராஜாஜி வேதியியலை எளிமையாக எழுதிய புத்தகத்திற்குத் 'திண்ணை ரசாயனம்' என்று பெயர் வைத்தார். திண்ணையில் உட்கார்ந்து பேசக்கூடிய விஷயம்தான் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார். எனக்குப் பிடித்த பெயர் அது.

இன்னொன்று கவனித்தீர்களா? டெக்னிக்கல் சொல்லுக்குத் தமிழில் 'கலைச்சொல்' என்று பெயர். அறிவியலையும் சேர்த்துத் தொகுத்த பெரிய நூலுக்குக் 'கலைக்களஞ்சியம்' என்று பெயர். அதாவது, கலை என்ற சொல்லுக்குள் ஒரு காலத்தில் அறிவியலும் அடக்கம். ஆர்ட்ஸ் காலேஜ், டெக்னிக்கல் காலேஜ் என்று சண்டை போட்டுக்கொள்ளும் நம் பஸ் ஸ்டாண்டு நண்பர்கள் இதைப் படித்தால் நல்லது.

சொல்லின் வரலாறு இருக்கட்டும். இப்போது அதன் பொருள் என்ன? என் சிற்றறிவுக்கு எட்டியவரை, பலர் நினைக்கிற மாதிரி சயின்ஸ் என்பது மெஷின் அல்ல. நியூகோமன் 1712இலேயே நீராவி எஞ்சினை ஓட்டிவிட்டார். வெப்பம் எப்படி வேலையாக மாறுகிறது என்று பிரெஞ்சுக்காரர் கார்னோ யோசித்து எழுதியது 1824இல். எஞ்சின் முதலில், அதன் சயின்ஸ் நூறு வருடம் கழித்து! அப்படியானால் நியூகோமனுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியுமா? தெரியாமலா சுரங்கத்தில் தண்ணீர் இறைத்தார்? 'எப்படிச் செய்வது' என்பது ஒரு அறிவு. 'ஏன் அப்படி நடக்கிறது' என்பது இன்னொரு அறிவு. சயின்ஸ் என்று சொல்லும்போது இந்த இரண்டாவதைச் சொல்கிறோம். அதிலும், சொன்ன காரணம் சரிதானா என்று எவரும் சோதித்துப் பார்க்கும்படி வெளியில் வைப்பதைச் சொல்கிறோம்.

இது எனக்குப் புத்தகத்தைவிட எங்கள் வீட்டுப் பட்டறையில்தான் நன்றாக விளங்கியது. அப்பா கொல்லுப்பட்டறை வைத்திருக்கிறார். அரிவாள், மண்வெட்டி, கல்லுடைக்கிற உளி எல்லாம் அடிப்பார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால் ஊரில் யாராவது, "உங்க மகன் சயின்ஸ் படிக்கிறான். உங்களுக்கு என்ன தெரியும்?" என்று அப்பாவிடம் விளையாட்டாகச் சொல்வது உண்டு. எனக்கு அது விளையாட்டாகப் படுவதில்லை.

லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை வெட்டி, உலையில் காய்ச்சி, அடித்து வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு, சிவக்கக் காய்ச்சித் தண்ணீர்த் தொட்டியில் விடுவார். இப்போது அது கண்ணாடி மாதிரி. அரம் ஏறாது, ஆனால் கீழே போட்டால் உடைந்துவிடும். ஒரு பக்கத்தை உப்புக் காகிதத்தால் பளபளவென்று தேய்த்து மறுபடி மெதுவாகச் சூடு காட்டுவார். அந்தப் பளபளப்பில் நிறம் ஓட ஆரம்பிக்கும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ, கடைசியில் மயில்கழுத்து. "உளிக்குக் கத்தரிப்பூ. அரிவாளுக்கு மயில்கழுத்து. அதைத் தாண்ட விட்டா இரும்பு செத்துப்போகும்" என்பார். சரியான நிறம் வந்த நொடியில் தண்ணீரில் விடுவார். இதற்குத் தோய்ச்சல் என்று பெயர்.

நம் மெட்டலர்ஜி புத்தகத்தில் இதே விஷயம் 'டெம்பரிங்' என்று வருகிறது. வைக்கோல் நிறம் என்றால் சுமார் 230 டிகிரி செல்சியஸ், நீலம் என்றால் சுமார் 300. நிறம் இரும்பினுடையது அல்ல. மேலே படியும் மிக மெல்லிய ஆக்சைடு ஏடு ஒளியைப் பிரித்துக் காட்டும் வித்தை. தண்ணீரில் தோளில் தட்டும் எண்ணெய்ப் படலம் வானவில் காட்டுகிறதே, கிட்டத்தட்ட அதே சங்கதி. தெர்மாமீட்டர் இல்லாமல் 70 டிகிரி இடைவெளிக்குள் நாலு நிறத்தை வைத்து வேலை முடிக்கிறார் மூன்றாம் வகுப்புக்காரர்!

இங்கே நம் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி, "பார்த்தீர்களா, நம் முன்னோர் செய்ததெல்லாம் சயின்ஸ்தான்!" என்று கை தட்டும். இன்னொரு கட்சி, "இதெல்லாம் பழக்கதோஷம், சயின்ஸ் வேறு" என்று உதட்டைப் பிதுக்கும். இரண்டுமே வேலையைச் சுருக்குகிற வழி என்பது என் கருத்து.

ஏனென்றால் அப்பாவின் பட்டறையில் மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. தோய்ச்சல் தொட்டியில் கைப்பிடி உப்புப் போட வேண்டும். சிவக்கக் காய்ச்சுகிற வேலையைப் பொழுது சாயும் நேரத்தில் செய்ய வேண்டும். அமாவாசையில் தோய்ச்சல் போடக்கூடாது. மூன்றையும் அவருடைய அப்பா சொன்னாராம். மூன்றுக்கும் அவர் வைத்திருக்கும் பெயர் ஒன்றே: "தொழில் சாஸ்திரம்."

ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்போம். உப்பு: சிவந்த இரும்பைத் தண்ணீரில் விட்டால் அதைச் சுற்றி நீராவி போர்வை மாதிரி மூடிக்கொள்ளும், சூடு வேகமாக இறங்காது. உப்புத் தண்ணீரில் அந்தப் போர்வை சீக்கிரம் கிழிந்துவிடுகிறது; இரும்பு வேகமாகக் குளிர்ந்து நன்றாக இறுகுகிறது. புத்தகத்தில் இருக்கிறது. பொழுது சாயும் நேரம்: உச்சி வெயிலில் இரும்பின் சிவப்பு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, அளவு தாண்டிப் போய்விடும். மங்கிய வெளிச்சத்தில்தான் நிறம் பிடிபடும். சரி, அமாவாசை? புத்தகத்தில் எங்கே தேடியும் இல்லை.

புத்தகத்தில் இல்லாததாலேயே பொய் என்று சொல்லிவிட்டால், நாமும் புத்தகத்தைச் சாஸ்திரமாக்கிவிட்டோம் என்றுதான் அர்த்தம். அதனால் அப்பாவைக் கேட்டுக்கொண்டேன். ஒரே பட்டையிலிருந்து துண்டுகள் வெட்டி, சிலதை அமாவாசை அன்றும் சிலதை எட்டு நாள் கழித்தும், அதே உலை, அதே தொட்டி, அதே கை. உப்புப் போட்டதும் போடாததுமாகவும் சில துண்டுகள். எல்லாவற்றையும் நம் மெட்டீரியல் டெஸ்டிங் லேபுக்குக் கொண்டுவந்து, சாரிடம் அனுமதி வாங்கி ராக்வெல் மெஷினில் கடினத்தன்மை பார்த்தோம். எந்தத் துண்டு எந்த நாளையது என்று மெஷினை இயக்கிய நண்பனுக்குச் சொல்லவில்லை. உப்புத் துண்டுகள் தனியாகத் தெரிந்தன. அமாவாசைத் துண்டுகள் தெரியவில்லை. ஒரே துண்டில் இரண்டு இடத்தில் பார்த்தால் வரும் வித்தியாசத்தைவிட நாளால் வந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. நாலைந்து துண்டை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் உப்பையும் அமாவாசையையும் ஒரே தராசில் நிறுத்த முடிந்ததே, அதற்குத்தான் இந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "மெஷின் சொன்னா சரிய்யா. ஆனா அமாவாசைக்கு நான் பட்டறை தொறக்க மாட்டேன். மாசம் பூரா சம்மட்டி அடிக்கிறவனுக்கு ஒருநாள் வேண்டாமா?" என்றார். அந்தக் கட்டுப்பாடு இரும்புக்காக வந்ததல்ல, கைக்காக வந்தது போலிருக்கிறது!

அப்பா வேலையில் சயின்ஸ் இல்லை என்று யாரும் அவசரப்பட வேண்டாம். முன்பெல்லாம் வேறு இரும்பில் அடித்துக்கொண்டிருந்தவர் லாரிப் பட்டைக்கு மாறியபோது, தாத்தா சொன்ன நிறம் அதற்குப் பொருந்தவில்லை. மூன்று துண்டை மூன்று நிறத்தில் நிறுத்தி, வைஸில் மாட்டி வளைத்து, எது உடைகிறது எது நிமிர்கிறது என்று பார்த்துத்தான் மயில்கழுத்துக்கு வந்திருக்கிறார். தாத்தா சொன்னதையே மாற்றிவிட்டார்! அந்த நாளில் அவர் செய்ததற்குப் பெயர் சயின்ஸ்தான். அதே சமயம், வரப்போகும் விடையை முதலிலேயே ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டு, ரீடிங்கைப் பின்னாலிருந்து வரவழைக்கும் கலை நம் லேப்களில் இருக்கிறதே, அதற்கு மார்க் ஷீட்டில் 'சயின்ஸ்' என்று போட்டாலும் அது சயின்ஸ் ஆகாது. ஒருவர் சர்ட்டிபிகேட் வைத்திருப்பதால் அவர் சொல்வது அறிவியல் ஆவதும் இல்லை, கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்தவர் என்பதால் ஆகாமல் போவதும் இல்லை.

நம் அரசியல் சட்டத்திலேயே இது இருக்கிறது. 1976இல் சேர்த்த அடிப்படைக் கடமைகளில் ஒன்று, அறிவியல் மனப்பான்மையையும் ஆராய்ந்து கேட்கும் உணர்வையும் வளர்த்துக்கொள்வது. சயின்ஸ் குரூப் எடுத்தவர்களுக்கு மட்டும் என்று அதில் போடவில்லை. எல்லாக் குடிமக்களுக்கும்!

'வெளியில் வைப்பது' என்று மேலே ஒரு வார்த்தை சொன்னேன். அதுதான் எனக்கு இப்போது பெரிதாகத் தெரிகிறது. தென்னிந்தியாவில் அந்தக் காலத்திலேயே மண் மூசையில் இரும்பையும் மரத்துண்டு, இலைகளையும் வைத்து மூடி, பல மணி நேரம் காய்ச்சி உயர்ந்த உருக்கு செய்தார்கள். ஈரோடு பக்கம் கொடுமணலில் தோண்டியபோது உலைத் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. கன்னடத்தில் 'உக்கு' என்கிற இந்த உருக்கைத்தான் ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று எழுதினார்கள். அதில் என்னதான் இருக்கிறது என்று 1819இல் லண்டனில் சோதித்துக் கட்டுரை எழுதியவர் யார் தெரியுமா? ஆனோடு, கேத்தோடு ஃபாரடேதான். அவரும் ஒரு கொல்லர் மகன். அலுமினா, சிலிக்கா சேர்ந்திருப்பதுதான் அதன் சிறப்புக்குக் காரணம் என்றார். அது தவறு. சுமார் ஒன்றரை சதவீதம் வரை உள்ள கார்பன்தான் விஷயம் என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். ஃபாரடே அச்சில் போட்டு வைத்ததால் அவர் தவறைத் திருத்த ஆள் வந்தது. அந்த உருக்கைச் சரியாகச் செய்த நம் உலைக்காரர்களோ, தகப்பன் மகனுக்கு மட்டும் சொன்னார்கள். மலிவான சீமை எஃகு வந்தது, காட்டில் கரிக்கு வழியில்லாமல் போனது, மகன் வேறு வேலைக்குப் போனான். 19ஆம் நூற்றாண்டோடு தொழில் கிட்டத்தட்ட அழிந்தது. எப்படிச் செய்தார்கள் என்று இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் கசடுகளைப் பொறுக்கி ஊகிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பட்டறையில் அப்பாவுக்குப் பிறகு ஆள் இல்லை. மகன் நான், டிப்ளமோ முடித்துக் கம்பெனிக்குப் போகிறவன். அப்பாவும் அதைத்தான் விரும்புகிறார். ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி நடுவில் கோடு போட்டிருக்கிறேன். இடது பக்கம் அப்பா சொல்கிறபடி அவர் வார்த்தையிலேயே: பொருள், இரும்பு, நிறம், தண்ணீரா எண்ணெயா. வலது பக்கம் டிகிரி, கார்பன் சதவீதம், காரணம். ஸ்பிரிங் பட்டையைத் தண்ணீரில் விட்டால் சில சமயம் கீறல் விழுகிறது என்று அவர் சொன்னார். சுமார் 0.6 சதவீதம் கார்பன் உள்ள அந்த வகை எஃகை எண்ணெயில் விடுவதுதான் முறை என்று புத்தகத்தில் பார்த்துச் சொன்னேன். "எந்த எண்ணெய்? எவ்வளவு சூட்டுல இருக்கணும்?" என்று உடனே கேட்டார். அந்த வரிக்கு நேரே வலது பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. செமஸ்டர் லீவில் மூன்று டப்பாவில் மூன்று எண்ணெய் வைத்துப் பார்ப்பதாக இருக்கிறோம். ராக்வெல் மெஷினுக்கு சாரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.